சுருங்கிய தொலைவும் நீண்ட பிரிவும்

ஜும்ஆ உரை

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ்வுக்கே உரித்தாகுக! அவனுடைய சாந்தியும் சமாதானமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் என்றென்றும் நிலவட்டுமாக!



பெருமானார் (ஸல்) அவர்கள் பயணம் புறப்படும்போது ஓதி வந்த துஆவை நாம் அறிவோம். வாகனத்தை நமக்கு வசப்படுத்தித் தந்த இறைவனைத் துதித்துவிட்டு, அவனிடம் சில தேவைகளை அவர்கள் முன்வைக்கிறார்கள். பயணத்தை எளிதாக்க வேண்டும். அதன் தொலைவைச் சுருட்டித் தர வேண்டும். பயணத்தில் அல்லாஹ்வே துணையாகவும், விட்டுச் செல்லும் குடும்பத்திற்கு அவனே பொறுப்பாளனாகவும் இருக்க வேண்டும் என்பன அவற்றுள் அடங்கும். இக்கருத்தமைந்த துஆ ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது.

இவற்றுள் தொலைவைச் சுருட்டித் தரும் வேண்டுதல் நம் தலைமுறையினருக்கு நிறைவேறிவிட்டதை நாம் கண்ணாரக் காண்கிறோம். அதே துஆவில் இடம்பெற்ற குடும்பத்தைப் பற்றிய கவலை நம் உள்ளத்தில் எந்த அளவுக்கு இருக்கிறது என்பதைச் சிந்திப்பதே இன்றைய உரையின் நோக்கமாகும்.

தொலைவும் நேரமும்

நமது கன்னியாகுமரி மாவட்டத்தில் விமான நிலையம் இல்லை. நமக்கு மிக அருகிலுள்ளது திருவனந்தபுரம் விமான நிலையமே. நாகர்கோவிலிலிருந்து தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை, நெய்யாற்றின்கரை வழியாக அங்குச் செல்ல ஏறத்தாழ 70 கிலோமீட்டர் ஆகும். சாலை நெரிசலைப் பொறுத்து இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ பிடிக்கும்.

அங்கிருந்து துபாய்க்கு வான்வழித் தொலைவு ஏறத்தாழ 2,950 கிலோமீட்டர். விமானம் அதைச் சுமார் நான்கு மணி நேரத்தில் கடந்துவிடுகிறது. மஸ்கட் சுமார் 2,600 கிலோமீட்டர். அதற்கு மூன்றரை மணி நேரத்தை ஒட்டி ஆகும். ரியாத் ஏறத்தாழ 3,700 கிலோமீட்டர். ஐந்து மணி நேரப் பயணம். ஹாஜிகள் சென்று இறங்கும் ஜித்தா ஏறத்தாழ 4,300 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது.

நம் நாட்டின் தலைநகரான டெல்லி, திருவனந்தபுரத்திலிருந்து வான்வழியே சுமார் 2,200 கிலோமீட்டர். விமானத்தில் மூன்று மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகும். ஆக, டெல்லிக்கும் துபாய்க்கும் பயண நேரத்தில் ஒரு மணி நேரத்தை ஒட்டியே வேறுபாடு! இரயிலில் டெல்லி செல்பவரோ ஏறத்தாழ இரண்டு நாட்கள் வண்டியிலேயே கழிக்க வேண்டியவராக இருக்கிறார்.

வீட்டிலிருந்து விமான நிலையம் செல்ல இரண்டு மணி நேரம், அங்கு முன்னதாகவே சென்று காத்திருக்க மூன்று மணி நேரம், வானில் நான்கு மணி நேரம், இறங்கிய பின் தங்குமிடம் சேர ஒரு மணி நேரம் என்று கூட்டினாலும், நம் வீட்டு வாசலிலிருந்து துபாயிலுள்ள அறை வாசல் வரை பத்து மணி நேரமே ஆகிறது. சுப்ஹு தொழுதுவிட்டுப் புறப்பட்டவர் அன்றிரவே அங்கு உறங்கிவிடுகிறார்.

காற்றை நம்பிய காலம்

நம் முன்னோர் இத்தகைய பயணத்தைக் கனவிலும் கண்டிருக்க மாட்டார்கள். தேங்காய்ப்பட்டணமும் குளச்சலும் கடல் வாணிபத்தால் வாழ்ந்த ஊர்கள். அரபு நாட்டு மரக்கலங்கள் இக்கரைகளுக்கு வந்து சென்றன. அவை தென்மேற்குக் காற்றைத் துணைகொண்டு கிழக்கு நோக்கி வந்தன; காற்றின் திசை மாறி வடகிழக்கிலிருந்து வீசும் வரை காத்திருந்து ஊர் திரும்பின. அல்லாஹ் அனுப்பும் காற்றே அன்றைய மாலுமிகளின் கால அட்டவணையாக இருந்தது.

மாலிக்குகளுக்கெல்லாம் மாலிக்காகிய அல்லாஹ், குறைஷியரின் மாரிக்காலப் பயணத்தையும் கோடைக்காலப் பயணத்தையும் தன் திருமறையில் குறைஷ் அத்தியாயத்தில் நினைவூட்டுகிறான். வாணிபத்துக்காக ஊர்விட்டு ஊர் செல்வது இழிவான செயலன்று. அது இறைவன் தந்த அருட்கொடைகளுள் ஒன்று என்பதை அதனால் அறிகிறோம். ஆனால் அப்பயணங்களுக்கெல்லாம் ஒரு பருவம் இருந்தது. போன பருவத்துக்குத் திரும்பும் பருவமும் இருந்தது. காற்றுக்காகக் காத்துக் கிடந்த மாலுமிக்கும் ஓராண்டுக்குள் ஊர் திரும்ப ஒரு காற்று வீசிற்று.

இந்திய ஹாஜிகள் மும்பையிலிருந்து கப்பலில் ஜித்தா சென்று வந்த முறை 1995 வரை நீடித்தது. நம் மாவட்டத்திற்கு இரயில் வந்ததே 1979 இல்தான்; அவ்வாண்டில்தான் திருவனந்தபுரம், நாகர்கோவில், கன்னியாகுமரி இருப்புப் பாதை திறக்கப்பட்டது. திருவனந்தபுரம் விமான நிலையம் 1991 இல் பன்னாட்டு விமான நிலையமாக அறிவிக்கப்பட்டது. இரண்டு மூன்று தலைமுறைகளுக்குள் இறைவன் பூமியை நமக்கு எவ்வளவு சுருக்கித் தந்திருக்கிறான் என்பதை எண்ணிப் பாருங்கள்!

ஃபிக்ஹ் காட்டும் அளவு

பயணத்தில் நான்கு ரக்அத் தொழுகையை இரண்டாகச் சுருக்கித் தொழும் கஸ்ர் சலுகையை மார்க்கம் நமக்கு வழங்கியுள்ளது. அதற்குரிய தொலைவை முன்னைய இமாம்கள் பயணம் செய்யும் நாட்களைக் கொண்டும் அளந்தார்கள். சுமை ஏற்றிய ஒட்டகம் நடுத்தர வேகத்தில் செல்லும் இரண்டு நாள் பயணம் ஷாஃபி மத்ஹபின் அளவு; மூன்று நாள் பயணம் ஹனஃபி மத்ஹபின் அளவு. இவற்றைக் கிலோமீட்டரில் கூறும்போது ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனவே அவரவர் தம் மஹல்லா ஆலிமிடம் கேட்டு நடப்பதே சிறந்தது.

இங்கு ஒரு கேள்வி எழலாம். இரண்டு நாள் தொலைவை விமானம் சில நிமிடங்களில் கடந்துவிடுகிறதே, அப்போதும் சலுகை உண்டா? ஹிஜ்ரி 676 இல் மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தம் மின்ஹாஜ் நூலில் இதற்கான விடையை அன்றே தந்துவிட்டார்கள். கடற்பயணமும் தரைப் பயணத்தைப் போன்றதே. அதில் அத்தனை மைல்களையும் ஒரு நாழிகையில் கடந்துவிட்டாலும் கஸ்ர் செய்யலாம் என்பது அவர்கள் தரும் சட்டத்தின் கருத்து. வாகனம் விரைவானது என்பதற்காக அல்லாஹ் தன் சலுகையைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவில்லை!

நாகர்கோவிலிலிருந்து துபாய் செல்பவர் திருவனந்தபுரம் வரையுள்ள 70 கிலோமீட்டரை மட்டும் கணக்கிட வேண்டியதில்லை. அவர் நாடிச் செல்லும் இடம் துபாய். எனவே தம் ஊர்க் குடியிருப்பின் எல்லையைக் கடந்ததுமே அவர் பயணி ஆகிவிடுகிறார். வழியிலும் விமான நிலையத்திலும் அவர் சுருக்கித் தொழலாம். தொழுகையை விட்டுவிடுவதற்கு மட்டும் அவருக்கு அனுமதியில்லை.

தமிழ் முஸ்லிம் ஊர்கள் பலவற்றில் வெளிநாட்டில் வேலை பார்ப்பவரைச் சபராளி என்று அழைப்பார்கள். ஆனால் சட்டத்தின் பார்வையில் அவர் அங்கே பயணியல்லர். போகும் நாளும் வரும் நாளும் நீங்கலாக நான்கு நாட்கள் தங்க நாடினால் ஷாஃபி மத்ஹபில் அவர் முழுமையாகத் தொழ வேண்டும். ஹனஃபி மத்ஹபில் பதினைந்து நாட்கள் தங்க நாடினால் முழுமையாகத் தொழ வேண்டும். அவர் சபராளியாக இருப்பது அந்தப் பத்து மணி நேரம்தான். எஞ்சிய காலமெல்லாம் எல்லாக் கடமைகளும் முழுமையாகச் சுமத்தப்பட்டவரே. விடுமுறையில் சொந்த ஊர் எல்லைக்குள் கால் வைத்ததும் அவருடைய பயணம் முடிந்துவிடுகிறது. இருபது ஆண்டுகள் வெளியில் இருந்தாலும் தன் ஊரில் அவர் விருந்தாளி அல்லர் என்று மார்க்கம் கூறாமல் கூறுகிறது.

கடிகாரம் மாறும்போது

விமானச் சீட்டில் அச்சிடப்பட்டிருக்கும் நேரங்கள் அந்தந்த ஊர் நேரங்களாகும். துபாய் நேரம் நம் நேரத்தைவிட ஒன்றரை மணி நேரம் பின்தங்கியது. சவூதி, குவைத், கத்தார் நேரம் இரண்டரை மணி நேரம் பின்தங்கியது. சிங்கப்பூர், மலேசியா நேரமோ நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. காலை 10 மணிக்குத் திருவனந்தபுரத்தில் புறப்படும் விமானம் நான்கு மணி நேரம் பறந்து இறங்கும்போது துபாய்க் கடிகாரம் பகல் 12.30 காட்டும். இரண்டரை மணி நேரத்தில் வந்துவிட்டோமோ என்று தோன்றும். திரும்பும்போது அதே நான்கு மணி நேரம் ஐந்தரை மணி நேரமாகத் தோன்றும்.

தொழுகைக்கும் நோன்புக்கும் இது கவனிக்க வேண்டிய செய்தி. மேற்கே பறப்பவருக்குப் பகல் நீளும். கிழக்கே பறப்பவருக்குப் பகல் குறையும். நோன்புடன் விமானத்தில் இருப்பவர் புறப்பட்ட ஊரின் நேரத்தைப் பார்த்து நோன்பு திறக்கக் கூடாது. கீழேயுள்ள ஊரில் சூரியன் மறைந்துவிட்டாலும், உயரத்தில் இருக்கும் அவர் கண்ணுக்குச் சூரியன் தெரியுமானால் அது மறையும் வரை அவர் காத்திருக்க வேண்டும். உம்ராவுக்காக ஜித்தா செல்பவர் விமானம் மீக்காத் எல்லையைக் கடக்கும் முன்பே இஹ்ராமின் நிய்யத்தைச் செய்துவிட வேண்டும். வானில் எல்லைகள் மிக விரைவில் கடந்து போகும், உறங்கிவிட்டால் தவறிவிடும்.

உமர் (ரலி) அவர்களின் கணக்கு

சகோதரர்களே! இப்போது உரையின் மையத்துக்கு வருகின்றோம்.

அமீருல் முஃமினீன் உமர் (ரலி) அவர்கள் இரவில் மதீனாவின் தெருக்களில் நகர்வலம் வந்தபோது, போருக்குச் சென்ற கணவனை நீண்ட நாட்களாகக் காணாத பெண் ஒருத்தி தன் தனிமையை எண்ணிப் புலம்புவதைச் செவியுற்றார்கள். இரக்கமும் அச்சமும் அவர்களை ஆட்கொண்டன. தம் மகளார் அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் சென்று, ஒரு பெண் தன் கணவனைப் பிரிந்து எத்தனை காலம் பொறுத்திருக்க இயலும் என்று வினவினார்கள். நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அவர்களின் பதில் பலவாறாக அறிவிக்கப்பட்டுள்ளது. அதன் பின்னர் படைவீரர்களுக்கு ஆறு மாதத் தவணையை கலீஃபா அவர்கள் நிர்ணயித்தார்கள். இப்னு குதாமா (ரஹ்) அவர்கள் தம் அல்முஃக்னீ நூலில் இந்தக் கணக்கை விவரிக்கின்றார்கள். செல்வதற்கு ஒரு மாதம். அங்கே தங்குவதற்கு நான்கு மாதம். திரும்பி வர ஒரு மாதம்.

இந்தக் கணக்கை உன்னிப்பாகக் கவனியுங்கள். ஆறு மாதத்தில் இரண்டு மாதம் வழியிலேயே கழிகிறது. ஒட்டகத்திலும் கால்நடையாகவும் பாலைவனத்தைக் கடக்க வேண்டிய காலத்தில், எல்லையைக் காக்க வேண்டிய நெருக்கடிக்கு இடையில், ஒரு பெண்ணின் மனத்துயரைப் பொருட்படுத்தி ஒரு பேரரசின் படை ஒழுங்கையே அவர்கள் திருத்தினார்கள்!

இன்று அந்த ஒரு மாதப் பயணம் நான்கு மணி நேரமாகிவிட்டது. கணக்குப்படி நம் பிரிவும் குறைந்திருக்க வேண்டும். ஆனால் நடப்பது என்ன? இரண்டாண்டுக்கு ஒருமுறை, மூன்றாண்டுக்கு ஒருமுறை என்று வருவோர் நம்மில் எத்தனை பேர்? பிறந்த பிள்ளையை நடக்கும் வயதில் முதன்முதலாகத் தூக்கும் தகப்பன்மார் எத்தனை பேர்? ஐக்கிய அரபு அமீரகத்தின் தொழிலாளர் சட்டமே ஓராண்டு பணி முடித்தவருக்கு ஆண்டுதோறும் 30 நாட்கள் ஊதியத்துடன் விடுப்பு அளிக்கிறது. அந்த விடுப்பைப் பணமாக மாற்றிக்கொண்டு அங்கேயே இருந்துவிடுபவர்களும் உண்டு.

பயணம் வேதனையின் ஒரு பகுதி. அது மனிதனின் உறக்கத்தையும் உணவையும் தடுக்கிறது. எனவே வந்த காரியம் முடிந்ததும் குடும்பத்தாரிடம் விரைந்து திரும்புங்கள் என்ற கருத்தில் பெருமானார் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்துள்ளன. இன்று நம் பயணத்தில் உறக்கமும் கெடவில்லை. உணவும் தட்டில் வைத்துத் தரப்படுகிறது. விரைந்து திரும்புதல் மட்டும் நடைபெறவில்லை.

தொலைவை நீட்டுவது யார்?

வெளிநாட்டில் உழைப்போரைக் குறை கூறுவதற்காக இதை உரைக்கவில்லை. தன் பொறுப்பிலுள்ளோரின் உணவுக்காகப் பாடுபடுவது வணக்கமாகும். கடவுச்சீட்டை முதலாளியிடம் கொடுத்துவிட்டுத் தவிப்போரும், ஊதிய பாக்கிக்காகக் காத்திருப்போரும், வேலைக்குச் செல்ல வாங்கிய கடனை அடைக்க முடியாதோரும் உண்டு. அவர்களுக்கு அல்லாஹ் வழி திறப்பானாக!

ஆனால் வர முடிந்தும் வராதிருப்போரைத் தடுப்பது எது? பெரும்பாலும் நாமேதான்! ஒருவர் ஊருக்கு வருகிறார் என்றால் விமானச் சீட்டின் விலையோடு செலவு முடிவதில்லை. அண்ணன் பிள்ளைக்கு ஒன்று, மாமியாருக்கு ஒன்று, அண்டை வீட்டாருக்கு ஒன்று என்று பெட்டி நிறைய வேண்டியிருக்கிறது. வெறுங்கையோடு வந்தால் முகம் சுளிக்கும் உறவுகள் இருக்கின்றன. வந்தவரிடம் நலம் விசாரிக்கும் முன்பே, எப்போது திரும்பப் போகிறாய் என்று கேட்கிறோம். பக்கத்து வீட்டில் இரண்டு மாடி எழும்பினால் நமக்கு மூன்று மாடி வேண்டியிருக்கிறது. ஒரே மகளின் திருமணத்தை மார்க்கம் காட்டிய எளிமையில் நடத்தாமல், கைக்கூலிக்கும் நகைக்கும் மண்டபத்துக்கும் கொடுப்பதற்காக அந்தத் தகப்பன் மேலும் ஐந்தாண்டுகள் அங்கே கிடக்கிறான். 2,950 கிலோமீட்டரை விமானம் நான்கு மணி நேரமாகக் குறைத்தது. நம் ஆசைகள் அதை ஐந்தாண்டுகளாக நீட்டின.

இன்னுமொரு செய்தியும் உண்டு. வெளிநாடுகளில் கடையும் உணவகமும் நடத்தும் முதலாளிகளில் நம்மவர்களும் இருக்கிறார்கள். தம்மிடம் பணிபுரியும் ஊர்ப் பிள்ளைக்கு உரிய விடுப்பை மறுப்பவர், ஒரு மனைவியின் உரிமையையும், சில குழந்தைகளின் உரிமையையும், ஒரு முதிய தாயின் உரிமையையும் ஒருசேரத் தடுத்து வைக்கிறார் என்பதை மறந்துவிட வேண்டாம்.

வழி அடைபட்ட நாட்கள்

நினைத்தால் நான்கு மணி நேரத்தில் போய்விடலாம் என்ற எண்ணத்தில் பயணத்தைத் தள்ளிப் போட்டவர்களுக்கு அல்லாஹ் ஒரு பாடத்தைக் காட்டினான். கொரோனா தொற்றின்போது, 2020 மார்ச் 23 முதல் இந்தியாவின் அட்டவணைப்படியான பன்னாட்டுப் பயணிகள் விமானங்கள் நிறுத்தப்பட்டன. 2022 மார்ச் 27 அன்றே அவை முறைப்படி மீண்டும் தொடங்கின. இடையில் சிறப்பு விமானங்கள் இயங்கினாலும் நினைத்தவர் நினைத்த நாளில் வர இயலவில்லை. பெற்றோரின் ஜனாஸாவைக் கைப்பேசித் திரையில் பார்த்துக் கண்ணீர் வடித்த பிள்ளைகள் எத்தனையோ பேர். தொலைவு ஒரு கிலோமீட்டரும் கூடவில்லை. வானமும் அதே வானம்தான். வழி மட்டும் அடைபட்டது.

அந்த நாட்களில், 2020 ஆகஸ்ட் 7 அன்று, துபாயிலிருந்து 190 பேருடன் வந்த விமானம் கோழிக்கோட்டில் மழைக்கிடையே தரையிறங்கியபோது ஓடுபாதையைக் கடந்து சரிந்து விழுந்தது. விமானிகள் இருவர் உட்பட 21 பேர் உயிரிழந்தனர். வீடு சேரும் நேரத்தை உறவினரிடம் சொல்லிவிட்டுப் புறப்பட்டவர்கள் அவர்கள். தொற்றின் அச்சத்தையும் மழையையும் பொருட்படுத்தாமல் ஓடிவந்து காயமுற்றோரைத் தூக்கிச் சென்ற அவ்வூர் மக்களை அல்லாஹ் பொருந்திக்கொள்வானாக! பயண நேரத்தை மனிதன் கணக்கிடலாம். போய்ச் சேருவது இறைவனின் நாட்டத்தில் உள்ளது. வாகனத்தில் ஏறும்போது நாம் ஓதும் துஆ, நம் இரட்சகனிடமே நாம் மீளக்கூடியவர்கள் என்ற உறுதியுடன் முடிவது இதனால்தான்.

அடுத்த தெருவின் தொலைவு

இவ்வளவும் கடல் கடந்தோருக்கான செய்தி என்று உள்ளூரில் இருப்போர் எண்ணிவிட வேண்டாம். பெருமானார் (ஸல்) அவர்களிடம் ஒருவர் வந்து ஜிஹாதில் கலந்துகொள்ள அனுமதி கேட்டபோது, அவருடைய பெற்றோர் உயிருடன் இருக்கின்றனரா என்று அண்ணலார் வினவினார்கள். ஆம் என்றதும், அவர்களுக்குப் பணிவிடை செய்வதிலேயே பாடுபடும்படி ஏவினார்கள். இது புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது.

இடலாக்குடியில் மகன், தக்கலையில் தாய். இடையிலுள்ள தொலைவு இருபது கிலோமீட்டரை எட்டாது. பேருந்தில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனால் மகன் தாயைப் பார்த்து மூன்று மாதமாகிறது! துபாயில் இருக்கும் தம்பியாவது நாள்தோறும் தொலைபேசியில் பேசுகிறான். இவர்களில் தாய்க்குத் தொலைவில் இருப்பவர் யார்? உறவைத் துண்டித்து வாழ்வதற்குக் கடலைக் கடக்க வேண்டியதில்லை. அடுத்த தெருவில் இருந்துகொண்டே அதைச் செய்துவிடலாம். அல்லாஹ் காப்பாற்றுவானாக!

செய்ய வேண்டியவை

வெளிநாட்டில் இருப்போர் ஆண்டு விடுப்பைத் தவறவிடாமல் ஊர் வந்து செல்ல நிய்யத் வையுங்கள். பள்ளி விடுமுறையிலும் பெருநாளையொட்டியும் விமானக் கட்டணம் பன்மடங்காகும். பிற மாதங்களில் முன்கூட்டியே பதிவு செய்தால் செலவு குறையும். பதினைந்து நாள் கிடைத்தாலும் வாருங்கள்.

வீட்டில் இருப்போர், வரும் பெட்டியைப் பார்க்காதீர்கள். வரும் மனிதரைப் பாருங்கள். பொருள் ஒன்றும் வேண்டாம், நீங்கள் வந்தால் போதும் என்று மனைவியும் பெற்றோரும் வாய்விட்டுச் சொல்லுங்கள். அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருப்பவர் அங்கே இருக்கக்கூடும்.

ஜமாஅத் பொறுப்பாளர்கள், ஆண்கள் வெளியூரில் இருக்கும் வீடுகளின் மருத்துவத் தேவையையும் பிள்ளைகளின் கல்வியையும் விசாரித்து அறியுங்கள். திருமணங்களை எளிமையாக்குங்கள்.

யா அல்லாஹ்! தொலைவைச் சுருக்கித் தந்த நீ எங்கள் உள்ளங்களையும் நெருக்கமாக்குவாயாக! பயணத்தில் இருப்போரைப் பாதுகாப்பாக ஊர் சேர்ப்பாயாக! வர வழியின்றித் தவிப்போருக்கு வழி திறப்பாயாக! அவர்கள் விட்டுச் சென்ற குடும்பங்களுக்கு நீயே பொறுப்பாளனாக இருப்பாயாக! எங்கள் இறுதிப் பயணத்தை எங்களுக்கு எளிதாக்குவாயாக! ஆமீன்! ஆமீன்! யாரப்பல் ஆலமீன்!